அடுப்படிச் சாமியின் ஜவ்வு மிட்டாய்

லோயாங் நகரத்தின் அந்தத் தெருவில் தமுக்கு அடிக்கவே தேவையில்லை. பாங் அத்தைக்கு ஒரு செய்தி தெரிந்தால் போதும்.

அன்று சாயங்காலம், ஒரு கரண்டி உப்பு கேட்கும் சாக்கில், அவர் சிறுமி யூச்சின் வீட்டுச் சமையலறையில் நின்றிருந்தார்.

அடுப்படிச் சாமி வானுலகம் கிளம்பும் நாள் அது. வீட்டில் வருடம் முழுக்க நடந்ததை அங்கே போய் ஒப்பித்துவிடுவார். அதனால்தான் அவர் வாய் ஒட்டிக்கொள்ள ஜவ்வு மிட்டாய் படைப்பார்கள்.

இன்று தட்டு காலி!

"ம்ம்... ம்ம்! ம்ம்!" அடுப்புக்குப் பின்னாலிருந்து சத்தம்.

"அய்யோ! சாமியே தின்னுட்டாரு! வாய் ஒட்டிக்கிச்சு!" என்று பாங் அத்தை தரையில் விழுந்தார். "சாமி, இவங்க வீட்டுக் கோழி முட்டைய எடுத்தது நான்தான்! மன்னிச்சிடுங்க!"

"எந்த முட்டை?" என்றார் அம்மா.

யூச்சின் மட்டும் காதைத் தீட்டினாள். சத்தத்தில் அழுகை கலந்திருந்தது. சாமி அழுவாரா என்ன?

வகுப்பில் துவான் ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது. "ரொம்பக் காலத்துக்கு முன்னால நம்ம சீனச் சொல்லு பலதுக்கு வால் இருந்துச்சு. சிலது 'ஸ்'னு முடியும், சிலது தொண்டைய அடைச்சு முடியும். நாக்கு சோம்பேறி, வாலை விழுங்கிடுச்சு. அதுக்குப் பதிலா குரல் ஏறி இறங்கக் கத்துக்கிச்சு. இப்ப அந்த ராகத்த வச்சுத்தான் எந்தச் சொல்லுன்னு தெரியும்."

வாய் ஒட்டினால் என்ன? ராகம் ஒட்டாதே!

மறுபடி அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். முதலில் தாழ்ந்து, பிறகு உயரத்தில் நேராகப் போய், கடைசியில் மேலே ஏறியது. தினமும் காலையில், கதவை இழுக்க முடியாமல், கழிப்பறைக்குள்ளிருந்து வரும் அதே ராகம்!

"'அக்கா, கதவத் திற'ங்கிறான்! நம்ம தோதோம்மா!"

அடுப்புக்குப் பின்னால் இருந்த கரி அறைக்கு ஓடித் தாழ்ப்பாளை நீக்கினாள். கரிக்கட்டையாக நின்றான் தம்பி. கன்னத்தில் கண்ணீர்க் கோடு, பல்லெல்லாம் மிட்டாய்.

"ஒளிஞ்சு தின்னியாடா? நான் பாக்காம தாழ்ப்பாள் போட்டுட்டேனே!" அம்மா கரண்டியை ஓங்கினார்.

"விடும்மா. அவன் வாய்க்குத் தண்டனை கெடச்சாச்சு," என்ற யூச்சின், தனக்கென எடுத்துவைத்திருந்த மிட்டாயில் பாதியைத் தட்டில் வைத்தாள். "சாமி நேரத்துக்குக் கிளம்பட்டும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோதோவுக்கு வெந்நீர் கொடுத்தார்.

மீதிப் பாதியை யூச்சின் பாங் அத்தையிடம் நீட்டினாள். "உங்களுக்கும் அத்தை. முழுசா வாயில போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டார். ஒட்டிக்கொண்டது. உப்பை மறந்து வாசலுக்கு ஓடினார்.

"ம்ம்ம்! ம்ம், ம்ம்ம்!"

"என்னது, தோதோ கரி அறையிலயா?" என்றது எதிர்வீடு.

தெரு முழுக்கப் புரிந்துவிட்டது. முட்டை மட்டும் எந்த ராகத்திலும் வரவில்லை.