அழைப்புக் கூறு

கடலுக்குப் புறப்படும் முன் சூசைமிக்கேல் காதிலிருந்து செவிக்காப்பைக் கழற்றுவான். அதற்கப்புறம்தான் அவன் மனைவி ரெஜினாள் வாயைத் திறப்பாள். காப்பு காதில் இருந்தால் அவள் பேசுவது அவனுக்குக் கேட்காது. கடைக்குரல்களை உள்ளே விடாமல் தடுப்பது அதன் வேலை. அவள் குரலும் கடைக்குரல்தான்.

“இன்னிக்கு மீன் குழம்பு. நேரத்தோட வந்துருங்க ராசா.”

“கடைசியில வெல எவ்வளவுன்னு சொல்லிரு தாயி,” என்று சிரித்துவிட்டுப் போனான்.

கருவாட்டுக்கென்று ஓர் இணையக் கடை போட ரெஜினாள் ஆசைப்பட்டதில் வந்த வினை இது. இணையத்தின் பொதுக்கிடங்கில் மென்பொருள் கூறுகள் எல்லாம் இலவசம். எடை போட ஒரு கூறு, பணம் வாங்க ஒரு கூறு, வீடு சேர்க்க ஒரு கூறு. வேண்டியதை எடுத்துக் கோத்தால் கடை தயார். எடுத்தவர் தம் பங்குக்கு ஒன்று கொடுக்க வேண்டும், கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. அவளிடம் இருந்தது வாய் மட்டும்தான். ஆளைக் கூப்பிடும் தன் குரலையும் பேச்சையும் கொடுத்தாள். அதுதான் அழைப்புக் கூறு. எந்தச் சொல்லுக்கு ஆள் திரும்புகிறார் என்று பார்த்து, அதைத் தானே கற்றுக்கொள்ளும். வளையல் கடையிலிருந்து சவப்பெட்டிக் கடைவரை இன்று அதுதான் கூப்பிடுகிறது. பாறைத் திட்டுக்கு அப்பால் மிதக்கும் ஐஸ் கடையும் அப்படியே.

பிற்பகலில் மழை இறங்கிக் கரையை மறைத்தது. மின்னலில் சூசைமிக்கேலின் திசைக்கருவி செத்துப்போயிற்று. படகுகள் வந்து சேரும் இறங்குதளத்துக்கு ரெஜினாள் ஓடினாள். அங்கே ரேடார் திரையில் அவன் படகு ஒரு புள்ளியாகத் தடுமாறியது.

“நான் கத்துனா எவனோ டீசல் விக்கான்னு நெனப்பாரு,” என்று காவலாள் செபஸ்தியான் ஒலிபெருக்கியை அவள் கையில் திணித்தான். “ஒங்க குரலுன்னா திரும்பிருவாரு மதினி. கூப்புடுங்க.”

“வாங்க ராசா! இந்தப் பக்கம் வாங்க!”

கரை நெருங்கினால் அவள் குரலுக்காகக் காப்பைக் கழற்றி வைப்பது அவன் வழக்கம். புள்ளி திரும்பியது. ஆனால் பாறைத் திட்டை நோக்கி.

“ஐயோ, அது ஐஸ் கடைல்லா!” செபஸ்தியான் பதறினான்.

மழைக்குள்ளிருந்து அவளே கூப்பிட்டாள்: “வாங்க ராசா, இந்தப் பக்கம் வாங்க.”

ரெஜினாள் ஒலிபெருக்கியை மறுபடி வாயருகே கொண்டுபோனாள். எந்தச் சொல்லை எடுத்தாலும் அது விற்றுத் தீர்த்த சொல்லாகவே இருந்தது. விற்கிறவள் ஒருநாளும் சொல்லாதது என்ன? சட்டென்று நினைவு வந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“ஏ கிறுக்கு மனுசா! கடலத் திங்கவா போயிருக்கீரு? கண்ணு அவிஞ்சா போச்சு? திரும்பும்வே இங்க!”

புள்ளி நின்றது. மெல்லக் கரைப்பக்கம் திரும்பியது.

“வாராரு மதினி! எந்தக் கடைக்காரி வைவா? புரிஞ்சிக்கிட்டாரு!” செபஸ்தியான் துள்ளினான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். வையவும் மறக்கவில்லை.

அப்போது மழைக்குள்ளிருந்து, பாறைத் திட்டுக்கு அப்பாலிருந்து, அதே அழுகையோடு ஒரு குரல் எழுந்தது.

“ஏ கிறுக்கு மனுசா! திரும்பும்வே இங்க!”

புள்ளி மறுபடியும் நின்றது.