கணவாயிலிருந்து வந்த பதில்

"பிப்ரவரி 12, புதன். முகவரியின் கடைசி எண்ணை மாற்றி அடித்துவிட்டேன்."

வகுப்புக் குறிப்பேட்டில் நூர்ஜாட் இதை எழுதினாள். நாரின் மலைநகரத்துப் பழைய விடுதியின் கீழ்த்தளம். மாலைக் கணினி வகுப்பு கலைந்துவிட்டது. ஈரக் கம்பளி வாடை மட்டும் மிச்சமிருந்தது.

பாடம் எளிதானதுதான். திரையில் 'நேரம் கடந்தது' என்று வந்தால், கூப்பிட்ட இடத்தில் யாருமில்லை. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றால், அங்கே ஏதோ இருக்கிறது. நாம் கூப்பிட்டது கேட்டுக் கதவைச் சாத்திவிட்டது.

அவள் தவறி அடித்தது மலைக் கணவாயின் பனிக் கண்காணிப்பு நிலையத்துக் கணினியின் எண். அண்ணன் கூபாத் வேலை பார்த்த இடம். போன மாதப் பனிச்சரிவு அதை வாரிக்கொண்டு போயிற்று. நொறுங்கிய கணினியைத் தோண்டி எடுத்தார்கள். கூபாத் கிடைக்கவில்லை.

'நேரம் கடந்தது' என்றுதான் வந்திருக்க வேண்டும்.

மறுக்கப்பட்டது.

தன் தவறாகத்தான் இருக்கும் என்று மறுபடி அடித்தாள். விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது.

மறுக்கப்பட்டது.

"நான் சொல்லல?" அவளைக் கூட்டிப்போக வந்த தம்பி அதிலேத் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தான். "அண்ணன் இருக்கான்க்கா. விடிஞ்சதும் மண்வாரியோட ஏறிடுவேன்."

"மேல பனி இன்னும் தொங்குதுடா. மீட்புக்காரங்களே பயந்து இறங்கிட்டாங்க."

"ஆளில்லாத வீட்டுல கதவை யாரு சாத்துவா? நீதான படிக்கிற, சொல்லு."



"வீட்டுல அடுப்பு எரியலையா? இங்க வந்து குளிர் காயுறீங்க." சாவிக்கொத்தோடு வந்த ஆசிரியை பாக்தகுல் திரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். குனிந்து கணினியின் வலை இணைப்புக் கம்பியைப் பிடுங்கினாள்.

"வியாழக்கிழமையில எண்ணெய் காய்ச்சி, மாவு பொரிச்சு அவனுக்கு வாசம் விட்டீங்களா? செத்தவங்களுக்கு அந்த வாசம்தான சாப்பாடு?" என்று கிசுகிசுத்தாள்.

"அம்மா விடல. உடம்பு கிடைக்காம பொரிச்சா, செத்துட்டான்னு நாமளே சொன்ன மாதிரியாம்."

"அப்போ பசியா இருக்கான்டி."

பனி உடையும் சத்தம் போல ஒன்று, சுவருக்குள்ளிருந்து.

அதிலேத் திரையை நோக்கிக் குனிந்தான். கண் கலங்கியிருந்தது.

"நான் வரேண்ணே."

யாரும் விசையைத் தொடவில்லை. பிடுங்கிய கம்பி பாக்தகுலின் கையில் இருந்தது.

இணைப்பு ஏற்கப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் நூர்ஜாட் தேதிக்குக் கீழே எழுதினாள்:

"நாளை, வியாழன். அம்மா தடுத்தாலும் விடியுமுன் எண்ணெய் காய்ச்சி போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரிக்க வேண்டும். அதற்கு முன்பே அதிலேத்தின் காலணிகளை ஒளித்துவைக்க வேண்டும்."