மூழ்கியது நீலத் துண்டு!

காலை பத்து இருபதுக்கு அந்த அலறல் கேட்டது.

டெஸ்ட் ரூமிலிருந்து...

பாட்டில் ஃபேக்டரியில் சத்தம் புதிதல்ல. கம்ப்ரஸர் நாள் முழுக்க உறுமும். மெஷின் மூச்சுக்கு மூச்சு 'புஸ்' என்று காற்றை விடும். ஆனால் இது மனிதக் குரல்!

அவள் ஓடினாள்.

அவள் அங்கே பிளாஸ்டிக் இன்ஜினியர். எதைக் கேட்டாலும் கரும்பலகை இல்லாமலே பாடம் எடுத்துவிடுவாள் என்பதால், மொத்த ஃபேக்டரிக்கும் அவள் 'டீச்சர்'. மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவான். மேனேஜர் என்பது அவள் கணவன்.

கதவைத் தள்ளினாள்.

தரையில் அவளுடைய அண்ணன். பாட்டில்களைக் கீழே போட்டுப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று சொல்வது அவன் வேலை. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு புரண்டான். பக்கத்தில் ஒரு நீல பாட்டில் அடி பிளந்து கிடந்தது. உள்ளே இருந்த திரவம் வழுவழுவென்று தரையில் பரவிக்கொண்டிருந்தது.

சிங்க் அடைப்பை நீக்கும் திரவம். குழாயில் சிக்கிய முடியையே கரைக்கிற காரம். கண்ணை மட்டும் விட்டுவைக்குமா?

"பாப்பா... என் கண்ணு..."

சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் ஷவருக்குக் கீழே தள்ளினாள்.

"கையை எடுண்ணா. கண்ணைத் திற. எரிஞ்சாலும் திற."

இருபது நிமிடம் தண்ணீர் கொட்டியது. அவன் இமைகளை விரல்களால் பிரித்துப் பிடித்தபடியே நின்றாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் விரல்களிலும் தோல் வெந்திருந்தது. அதை நர்ஸ் சொல்லித்தான் அவள் பார்த்தாள்.

*

ஆஸ்பத்திரி வராந்தா. மணி பன்னிரண்டு.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. மூட்டு வலி. உட்காரும்போது ஒரு முனகல், எழும்போது ஒரு முனகல். கையில் ஒரு பை. பைக்குள் நீலத் துண்டுகள்.

"பாட்டில் உன்னோடதாம்மா?"

"என்னோடதுதான் மேடம்."

"கடை பூரா பாட்டில்தான் இருக்கு. புதுசா எதுக்கு ஒண்ணு?"

கேட்டிருக்கக்கூடாது. அழுதுகொண்டிருந்த டீச்சருக்கு, அழுகைக்கு நடுவிலும் பாடம் வந்துவிட்டது.

"குளிர்பானம் வருதே மேடம், அது பெட்னு ஒரு பிளாஸ்டிக்ல செஞ்ச பாட்டில். டெஸ்ட் ட்யூப் மாதிரி ஒரு குழாயைச் சூடாக்கி, உள்ளே கம்பியை விட்டு இழுத்து, காத்தை ஊதிப் பாட்டிலாக்கறது. மெல்லிசா இருக்கும், ஆனா கெட்டி. அதுல இந்த மாதிரி காரத்தை ஊத்தினா ஒரே நாள்ல ஒண்ணும் ஆகாது. வாரக்கணக்குல அரிச்சு அரிச்சு, கண்ணுக்குத் தெரியாம விரிசல் விட்டுடும். அதனால, அதே மாதிரி இழுத்து ஊதற பாட்டிலை வேற பிளாஸ்டிக்ல செஞ்சேன். பி.பி.ன்னு பேரு. நாம சாப்பாடு எடுத்துட்டுப் போற டப்பா அதுதான். காரம் அதை ஒண்ணும் பண்ணாது. ஆனா ஊதறதுக்குள்ள உயிர் போயிடும். கொஞ்சம் சூடு ஏறினா தொங்கும், கொஞ்சம் இறங்கினா கிழியும். மூணு வருஷம் ஆச்சு மேடம்."

"காரம் ஒண்ணும் பண்ணாதுன்னு நீ சொல்ற. ஒரு ஆளு உள்ளே கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கான்."

அவள் தன் வெந்த விரல்களைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"நாளைக்கு ஏதோ சோப்பு கம்பெனிக்காரங்க உங்களோட கையெழுத்துப் போட வர்றாங்களாமே?"

"ஆமா."

"முதல்ல நான் வாங்கறேன் கையெழுத்து. கவனக்குறைவால ஒருத்தனுக்குக் கொடுங்காயம். கண்ணு போச்சுன்னா உள்ளே போகணும். புரியுதா?"

டாக்டர் எட்டிப் பார்த்தார். "இடது கண் பிழைச்சுடும். வலது கண்ணு... ரெண்டு நாள் போகட்டும். நீங்க உடனே தண்ணி விட்டதாலதான் இந்த அளவுக்காவது தப்பிச்சுது."

அப்போதுதான் கணவன் வேக வேகமாக வந்தான். கையில் ஒரு காகிதம்.

"டீச்சர், இதுல ஒரு கையெழுத்துப் போடு. வக்கீல்கிட்ட பேசிட்டேன். பிளாஸ்டிக்ல குறைன்னு எழுதியிருக்கு. உன் மேல எதுவும் வராது."

"பிளாஸ்டிக்ல குறைன்னா யார் மேல குறை? அந்தப் பிளாஸ்டிக்கே நான்தானே."

"அடம் பிடிக்கிற நேரமா இது?"

அவள் காகிதத்தை வாங்கவில்லை. இன்ஸ்பெக்டரின் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டுகளின் ஓரம்... அது பிளந்திருந்த விதம்... அவளுக்கு என்னவோ உறுத்தியது.

"மேடம், அதுல ஒரு துண்டை எடுத்துத் தண்ணியில போடறீங்களா?"

"எதுக்கு?"

"என் பிளாஸ்டிக் தண்ணியை விட லேசு. மிதக்கும்."

இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். நர்ஸிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கினார். இரண்டு விரலால் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துப் போட்டார்.

துண்டு மூழ்கியது!

இன்னொன்றைப் போட்டார். அதுவும் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"இது என் பாட்டிலே இல்ல மேடம்." அவள் டம்ளரைக் கிட்டே இழுத்தாள். "இது பெட். யாரோ மாத்தியிருக்காங்க."

"பெத்தவளுக்கே பிள்ளையை அடையாளம் தெரியலையா?"

"தொட விடமாட்டாங்க. டெஸ்ட்டுக்குப் போன பாட்டிலைச் செஞ்சவங்க தொடக்கூடாதுன்னு ரூல். காரத்தை நிரப்பி, ஆறு வாரம் சூட்டு ரூம்ல பூட்டி வைப்பாங்க. வாரம் ரெண்டு பாட்டிலை எடுத்து மேலேர்ந்து போட்டுப் பார்ப்பாங்க. நான் கதவுல இருக்கற கண்ணாடி வழியா பார்ப்பேன், அவ்வளவுதான். ஒரே அச்சு, ஒரே நீலம். தூரத்துலேர்ந்து எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"நேத்து மாத்தியிருப்பாங்களோ?"

"இல்ல மேடம். பெட் பாட்டில் இப்படி அடி பிளக்கணும்னா அஞ்சாறு வாரம் காரம் ஊறியிருக்கணும். முதல் நாளே மாத்தியாச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

ஆறு வாரம்...

ஆறு வாரமாக ஒரு ஆள் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். வாரா வாரம் 'பாஸ்' என்று சொன்னதும் அவள் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தாளே, அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறான்!

"அந்த ரூம் சாவி யார்கிட்ட?"

"ரெண்டு சாவி. ஒண்ணு அண்ணன்கிட்ட. இன்னொண்ணு..."

நிறுத்தினாள். மெல்லத் திரும்பினாள்.

கணவன் அந்த டம்ளரையே வெறித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"பி.பி. வேண்டாம், பெட்டுலயே ஓட்டலாம்னு ஆரம்பத்துலேர்ந்து சொன்னது நீங்கதானே?"

"சொன்னேன்."

"நாங்க வர்றதுக்குள்ள தரையைக் கழுவச் சொன்னது யாரு?" என்று இன்ஸ்பெக்டர் நடுவில் புகுந்தார்.

"நான்தான். காரம் கொட்டிக் கிடக்கு. இன்னொருத்தன் வழுக்கி விழணுமா?"

"மாத்தினது நீங்களா?" என்றாள் டீச்சர்.

"இல்ல."

"அப்ப யாரு?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"யாருன்னு தெரியும் உங்களுக்கு. மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. யாருங்க?"

"என்கிட்ட கேட்காதே."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, நான் போட்ட காபியைக் குடிச்சுக்கிட்டு, என் முதுகுல குத்தியிருக்கீங்க. என் அண்ணன் கண்ணைப் பறிச்சுட்டு, தப்பு என்னோடதுன்னு என்கிட்டயே கையெழுத்துக் கேட்கறீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவு அவளை இன்னும் எரியவைத்தது.

இன்ஸ்பெக்டர் முனகிக்கொண்டே எழுந்தார். "வாங்க சார். ஸ்டேஷன்ல ஃபேன் நல்லா சுத்தும். காத்து வாங்கினா பேச்சு தானா வரும்."

அப்போது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளையை விட்டுடுங்க..."

*

கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான் அண்ணன். இரண்டு கண்களிலும் கட்டு. வராந்தாவில் பேசியது அத்தனையும் திறந்திருந்த கதவு வழியாக அவன் காதுக்குப் போயிருந்தது.

"மாத்தினது நான்தான்."

"உங்க கண்ணுல நீங்களே ஊத்திக்கிட்டீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் குரல் வந்த பக்கம் திரும்பவில்லை. தங்கை நிற்கிற இடத்தை மூச்சு வைத்தே கண்டுபிடித்து, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"ஊற வைக்கறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ் டெஸ்ட் பண்ணினோமே பாப்பா, ஞாபகம் இருக்கா? பாட்டிலைக் குளிர வெச்சுக் கீழே போடறது. பன்னண்டு பாட்டில் போட்டேன். பன்னண்டும் உடைஞ்சுது."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடியில பனி மூடியிருந்தது. உனக்கு உள்ளே ஒண்ணும் தெரியல. கதவைக் கொஞ்சமா திறந்து தலையை மட்டும் நீட்டினேன். 'பாஸா'ன்னு நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினே. மூணு வருஷமா தூங்காத மூஞ்சி. எனக்கு வாய் வரல. நானும் கட்டைவிரலைத் தூக்கிட்டேன்."

"அண்ணா..."

"மறுநாள் லீவு. தனியா வந்து, பெட் குழாயைப் போட்டு அதே அச்சுல ஊதினேன். இருபது வருஷம் குளிர்பான பாட்டில் செஞ்சவன் நான். பெட் உடைஞ்சு பார்த்ததே இல்ல. சோடா அழுத்தத்தையே தாங்கறது, இந்தச் சோப்புத் தண்ணியைத் தாங்காதான்னு நினைச்சேன். அந்தத் தைரியத்துலதான் இன்னிக்குப் பாதுகாப்புக் கண்ணாடிகூடப் போட்டுக்கல."

"பெட்டுல காரம் ஊத்தினா விரிசல் விடும்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"நீ எல்லாத்துக்கும்தான் பாடம் எடுக்கறே. எதைன்னு காதுல வாங்கறது?"

மாற்றி வைத்தது, அவள் பாட்டிலைத் தோற்கடிக்க அல்ல... ஜெயிக்க வைக்க!

இன்ஸ்பெக்டர் கணவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அந்த லீவு நாள்ல மச்சான் தனியா மெஷின் ஓட்டறதைப் பார்த்தேன். சுத்தம் பண்றேன்னு சொன்னார். நம்பிட்டேன். இப்ப துண்டு மூழ்கினப்பதான் எனக்கே விளங்குச்சு."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"கண்ணு போயிடுமோன்னு கிடக்கறவரைக் காட்டிக் கொடுக்கச் சொல்றீங்களா? அதுவும் இவகிட்ட... இவ தாங்க மாட்டா மேடம்."

தாங்க மாட்டாளாம்.

டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தன் ஆறு வாரம் பொய் சொன்னான். இன்னொருத்தன் ஐந்து நிமிடம் ஊமையாக நின்றான். இரண்டும் அவளுக்காகவாம். எதிரி செய்திருந்தால் சண்டை போடலாம். இதற்கு யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

கட்டிலருகே போனாள்.

"உனக்காகத்தான் பாப்பா..."

"எனக்காக இல்லண்ணா. நான் அழறதை உன்னால பார்க்க முடியாது. அதனால பண்ணினே. அது உனக்காக."

அவன் கையை நீட்டி அவளைத் துழாவினான்.

"பன்னண்டும் உடைஞ்சுதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒரு நாள் அழுதிருப்பேன். மறுநாள், குளிர்ல இளக்கமா இருக்க எதைச் சேர்க்கலாம்னு தேட ஆரம்பிச்சிருப்பேன். இந்நேரம் பாதி வழி வந்திருப்பேன். நீ வெறும் பாட்டிலை மட்டும் மாத்தலண்ணா. இவளால இது முடியாதுன்னு நீயே தீர்ப்பு எழுதிட்டே. ஊரே சொல்லியிருந்தாலும் எனக்கு உறைச்சிருக்காது. நீ சொல்லிட்டியே."

"பாப்பா..."

"அடிக்கலாம்னாகூட கட்டுப் போட்டுக்கிட்டுக் கிடக்கறே." குரல் உடைந்தது. அவனுடைய போர்வையை இழுத்துச் சரி செய்துவிட்டு வெளியே வந்தாள்.

போனை எடுத்தாள். சோப்பு கம்பெனி நம்பர்.

"நாளைக்கு வர வேண்டாம் சார். எங்க டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் தப்பு. என் பாட்டில் காரத்தைத் தாங்கும், ஆனா குளிர்ல உடையும். சரி பண்ண நாலு மாசம் வேணும்... ஆமா சார், நிஜமாத்தான் சொல்றேன்."

மறுமுனை "பார்க்கலாம்" என்றது.

'பார்க்கலாம்' என்றால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். போனை வைத்தாள்.

பெஞ்சின் கோடியில் கணவன் உட்கார்ந்திருந்தான். அந்தக் காகிதத்தை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு.

"நீங்கதான்னு சட்டுனு நம்பிட்டேன்."

"பார்த்தேன்."

"மன்னிச்சுடுங்கன்னு கேட்கணும். இன்னிக்கு வாய் வரல."

"நாளைக்குக் கேளு." அவன் அவளைப் பார்க்காமலே சொன்னான். அவனுக்கும் நன்றாகவே வலித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பேனாவைத் திறந்தார். எழுதாமல் அவளைப் பார்த்தார்.

"காயம் பட்டது அவர். பண்ணினதும் அவர். டெஸ்ட் ரிசல்ட்டைப் பொய்யா கொடுத்தார்னு நீ வேணா புகார் கொடுக்கலாம். கொடுக்கறியா?"

அவள் அறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே அண்ணன் விசும்புவது கேட்டது. கட்டுப் போட்ட கண்ணோடு அழக்கூடாது என்று நர்ஸ் அதட்டிக்கொண்டிருந்தாள்.

"கொடுக்கல மேடம். ஆனா இனிமே அவர் என் பாட்டிலைத் தொடக்கூடாது. அதை மட்டும் எழுதிக்க முடியுமா?"

"அதுக்கெல்லாம் சட்டத்துல இடம் இல்லம்மா."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடினார். முனகிக்கொண்டே எழுந்தார். நாலு எட்டு நடந்தவர், நின்று திரும்பினார்.

"எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான்மா. நல்லவேளை... அவனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது!"