பழைய கண்ணாடியை உடைக்க வேண்டாம்

அந்தக் கைத்தடம் துடைக்கத் துடைக்கப் போகவே இல்லை. காரின் முன் கண்ணாடியில், இடது பக்கமாக, யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்தினது போல ஒரு தடம். பீர் முகம்மது முதலில் ஈரத்துணியால் வெளிப்பக்கம் துடைத்துப் பார்த்தார், பிறகு சலித்துக்கொண்டே கதவைத் திறந்து கையை நீட்டி உள்பக்கம் துடைத்தார், ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தார், அது அப்படியே இருந்தது. கழற்றப்போகிற கண்ணாடியை எதற்கு இப்படித் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே எரிச்சலாக வந்தது. இருந்தாலும் இத்தனை வருசம் கண்ணாடியோடு மாரடித்தவருக்கு ஒரு கறை மிச்சமிருந்தால் கை சும்மா இருக்காது.

கார் முன் கண்ணாடி பார்க்கத்தான் ஒன்று. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து, சூட்டில் அழுத்தி ஒன்றாக்கியிருப்பார்கள். தடம் வெளியிலும் இல்லை, உள்ளேயும் இல்லை என்றால் அந்த நடுவில்தான் இருக்க வேண்டும். அங்கே கை போக வழியே கிடையாது. செய்யும்போதே எவனோ பண்ணின கோளாறு என்று முடிவு கட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஷெட்தான் அவர் கடை. அவரும் மனைவி நஃபீசாவும் மட்டும்தான் வேலைக்கு. ஆள் வைத்துப் பார்த்தாயிற்று, எவனும் நிலைப்பதில்லை, கண்ணாடி ஏற்ற ரெண்டு ஜோடிக் கைகள் கட்டாயம் வேண்டும், அதனால் அவள். அன்றைக்குக் காலையில் அவள் பாயை விட்டே எழுந்திருக்கவில்லை. முழங்கால் வீங்கிக் கிடக்குதுங்க, இன்னைக்கு ஒரு நாள் விட்டுப்போடுங்க என்றாள். இந்த ஒரு வண்டியை முடித்துவிட்டால் ஒரு வாரம் பூட்டிவிடலாம் என்று நச்சரித்து இவர்தான் கூட்டி வந்தார். அவருக்கும் அலுப்புத்தான்; எதற்கு அலுப்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாத அலுப்பு.

வண்டி இத்தாலிக்காரன் செய்தது. ஆரஞ்சு நிறம், இடுப்பு உயரத்துக்குக்கூட வராது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அவிநாசி ரோட்டில் பங்களா வைத்திருக்கிற மில்காரர் நரசிம்மலுவின் மகன் யஷ்வந்துடையது. புதுக் கண்ணாடி கப்பலில் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகிவிட்டது. காரை லாரி மேல் ஏற்றிக்கொண்டு வந்த டிரைவர் தம்பிதுரை, இறக்கியதும் எட்டிப் போய் நின்றுகொண்டான். சத்தியமங்கலம் காட்டு ரோட்டில் வரும்போது எதுவோ பறந்து வந்து அடித்துக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதாம், சின்னய்யா அப்படித்தான் சொன்னாராம்.

பீர் முகம்மது விரிசலின் மையத்தை விரலால் தடவினார். எந்தப் பக்கம் அடி விழுந்ததோ அந்தப் பக்கம் பொடிந்திருக்கும். வெளிப்பக்கம் வழவழவென்று இருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினார், சொரசொரத்தது. உள்ளேயிருந்துதான் அடித்திருக்கிறார்கள், அதுவும் நல்ல கனமான சாமானால். வண்டியில் கூட யார் இருந்தது என்று கேட்டார்.

"ஹாரிகாம்மாதானுங்க. சின்னய்யா சம்சாரம்." தம்பிதுரை காலால் தரையைத் தேய்த்தான். "அவங்க இப்ப அம்மா ஊட்டுல இருக்காங்கன்னு சொல்றாங்க."

புருசன் பெண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு என்று அவர் விட்டுவிட்டார். தம்பிதுரை கிளம்பும்போது மறக்காமல் ரெண்டு விசயம் சொன்னான். பழைய கண்ணாடியை உடைக்காமல், முழுசாகக் கழற்றித் தர வேண்டும், சாயங்காலம் வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்வார்கள்.

"அப்பறம் பாய், இடது பக்க சீட்டுல யாரும் உக்காரக் கூடாதுன்னு சொன்னாருங்க."

தோல் சீட்டு, அழுக்காகிவிடும் என்று பயம். பணக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். பிளாஸ்டிக் விரித்துத்தான் வேலை செய்வோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கழற்றுவது பாடாகிப் போயிற்று. வேண்டாத கண்ணாடி என்றால் உடைத்து உடைத்து எடுத்துவிடலாம். முழுசாக வேண்டுமென்றால் ஓரத்துப் பசைக்குள் மெல்லிய கம்பியைக் கோத்து, உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், மரம் அறுப்பது போல இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். நஃபீசா ஸ்டியரிங் பக்கம் முட்டி போட்டு இழுத்தாள். வெளியே தூறல் ஆரம்பித்துத் தகரத்தில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. பாதி அறுத்திருக்கும்போது அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே ஒரு மாதிரி வாடை வருது என்றாள். இவரும் தலையை விட்டு மோந்தார். எலி செத்த நாற்றம் இல்லை, ஈர நாற்றமும் இல்லை. பூட்டின அறைக்குள் சீக்காளி ஒருத்தர் ராத்திரி பூராவும் மூச்சு விட்டுக்கொண்டே கிடந்தால் விடியும்போது எப்படி இருக்கும், அந்த வாடை.

"ஏனுங்க, எனக்கு மனசு நல்லால்லீங்க," என்றாள் நஃபீசா. "சீக்கிரம் முடிச்சுட்டுப் போயிரலாம்."

ரெண்டு பேருமாகக் கண்ணாடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். அப்போதுதான் விரிசலின் ஓரத்தில், கைத்தடத்தின் மணிக்கட்டுப் பக்கமாக, பழுப்பாக ஒரு கறை கீழே இறங்கியிருப்பதைப் பார்த்தார். துரு என்று நினைத்துக்கொண்டார். கண்ணாடிக்குள் துருப்பிடிக்க இரும்பு ஏது என்று அப்போது யோசிக்கவில்லை, இடுப்பு வலி யோசிக்க விடவில்லை. பழைய போர்வையை எடுத்து அதன் மேல் போர்த்தினார்.

புதுக் கண்ணாடி மதியத்துக்கு முன்னாலேயே ஏறிவிட்டது. பசை பிடித்து இறுகுகிற வரைக்கும் விட்டுவைத்துவிட்டு, தொழுதுவிட்டு, கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் தின்றார்கள். நஃபீசா சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்து கண்ணை மூடினாள். அவள் இடது கை மடிமேல் கிடந்தது. மோதிர விரல் ஒரு கணு குட்டை. கல்யாணமான புதுசில் கடையில் சரிந்த கண்ணாடி ஒன்று வெட்டிக்கொண்டு போனது. அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்குப் பாவமாக இருந்தது. இதோடு போதும், நாளையிலிருந்து இவளைக் கூட்டி வரக் கூடாது, எவனையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று நிஜமாகவே நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து யஷ்வந்த் போன் செய்தான். பல நாள் தூங்காத குரல். பழைய கண்ணாடி பத்திரமாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டான். காரைப் பற்றிக் கேட்கவே இல்லை. பத்திரமாகப் போர்த்தி வைத்திருக்கிறேன் என்று இவர் சொன்னார்.

"போத்த வேண்டாங்க பாய்," என்றான். "வெளிச்சம் படற மாதிரி வைங்க. இருட்டுன்னா பயப்படும்."

கண்ணாடி பயப்படுமா? குடித்திருப்பான் போல என்று போனை வைத்தார். எழுந்து போய்ப் போர்வையை எடுக்கச் சோம்பலாக இருந்தது.

மழை வலுத்தது. நாலு மணிக்கே ஷெட்டுக்குள் இருள் கட்டிவிட்டதால் டியூப் லைட்டைப் போட்டார். இனி தண்ணீர்ச் சோதனை ஒன்றுதான் பாக்கி. ஒருவர் வெளியே நின்று பைப்பில் கண்ணாடி ஓரமெல்லாம் தண்ணீர் விட வேண்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். பைப் சத்தத்தில் பேசினால் கேட்காது. அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம். அவர் ஓர் இடத்தில் கையை வைத்து ஒரு தட்டு தட்டுவார். உள்ளே காய்ந்திருந்தால் அவள் ஒன்று தட்டுவாள். கசிந்தால் அதே இடத்தில் ரெண்டு. காதில் விழாவிட்டாலும் உள்ளங்கைக்குத் தெரியும். வீட்டில் நாள் பூராவும் நாலு வார்த்தை பேசாத நாட்களில்கூட இந்தப் பேச்சு அவர்களுக்குள் தவறியதில்லை.

காலையில் முட்டி போட்டதில் இன்னும் வீங்கிப்போன முழங்காலை மடக்கி, திரும்ப ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைய நஃபீசாவால் முடியவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்து, சீட்டில் பிளாஸ்டிக் விரித்து, அவளைப் பிடித்து உட்கார வைத்தார். அவள் செருப்பைக் கழற்றிக் கதவுக்கு வெளியே ஜோடியாக விட்டாள். தம்பிதுரை சொன்னது ஞாபகம் வரத்தான் செய்தது. அதுதான் பிளாஸ்டிக் போட்டாயிற்றே.

தண்ணீர் கண்ணாடி மேல் படலமாக இறங்கியது. உள்ளே அவள் முகம் கலங்கலாகத் தெரிந்தது, அதன் மேல் டியூப் லைட்டின் வெள்ளைக் கோடு நெளிந்தது. வலது கீழ் மூலையில் தட்டினார். ஒன்று. வலது மேல் மூலை, ஒன்று. நடு மேலே, ஒன்று. அப்பாடா என்று இருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். இடது மேல் மூலைக்கு வந்தார், தட்டினார்.

ரெண்டு.

சலிப்போடு ரப்பரை அழுத்திப் பார்த்தார், பசை நன்றாகத்தான் பிடித்திருந்தது. திரும்பத் தட்டினார். ரெண்டு, கொஞ்சம் கீழே. கையைக் கீழே கொண்டுபோனார். ரெண்டு, இன்னும் உள்தள்ளி. பிறகு அவர் தட்டாமலேயே ரெண்டு. ஓரத்தை விட்டு நகர்ந்து நகர்ந்து, கண்ணாடியின் நட்டநடுவில் வந்து நின்றது அந்தத் தட்டு. நடுவில் எப்படிக் கசியும்? அங்கே பசையே கிடையாதே. என்ன விளையாட்டு இது, முழங்கால் வலியில் கிடக்கிறவளுக்கு என்ன விளையாட்டு என்று கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், அவள் விளையாடுகிற ஆள் இல்லை என்பதும் தெரிந்தது.

நஃபீசா என்று கத்தினார்.

ரெண்டு. ரெண்டு. ரெண்டு.

பைப்பைக் கீழே போட்டார். தண்ணீர் வடிந்தது. கலங்கல் தெளிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் முகம் இல்லை.

கதவைத் திறந்தார். காலையில் வந்த அதே மூச்சு வாடை. சீட்டில் யாரும் இல்லை. உட்கார்ந்த பாரத்தில் குழிந்திருந்த பிளாஸ்டிக், நொறுநொறுவென்ற சத்தத்தோடு மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது. தொட்டார். இன்னும் சூடு இருந்தது. காலடியில் பார்த்தார். பின்னால் பார்த்தார், பின்னால் இடமே இல்லை, அது ரெண்டு பேர் போகிற கார். செருப்பு வெளியே விட்டது விட்டபடி கிடந்தது. ஸ்டியரிங் பக்கக் கதவு பூட்டித்தான் இருந்தது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

தட்டு நிற்கவில்லை.

நிமிர்ந்து புதுக் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு கைத்தடம். உள்பக்கம் துடைத்தார். போகவில்லை. ஓடி வந்து வெளிப்பக்கம் சட்டையால் துடைத்தார். போகவில்லை. டியூப் லைட் வெளிச்சத்தில் ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. மோதிர விரல் ஒரு கணு குட்டை.

அவருக்கு அழுகை வரவில்லை, பயம் அதற்கு இடம் விடவில்லை. சுத்தியலை எடுத்தார். அவளை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் மனசில் இருந்தது, கார் எக்கேடு கெட்டும் போகட்டும். உள்ளே ஏறி, சூடு ஆறாத அந்தச் சீட்டைத் தாண்டி ஸ்டியரிங் பக்கம் முட்டி போட்டு, தடத்துக்குப் பக்கத்தில் குறி பார்த்து, உள்ளேயிருந்து ஓங்கினார்.

உள்ளேயிருந்து.

ஓங்கின கை அப்படியே நின்றது. இதே இடத்தில் இன்னொருத்தன் இப்படி முட்டி போட்டிருக்கிறான். காட்டு ரோட்டில். பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு. கையில் கிடைத்ததை எடுத்து ஒரே அடி. ஒன்றுதான் அடித்திருக்கிறான். ரெண்டாவது அடிக்கவில்லை.

பீர் முகம்மது இறங்கிப் போய்ச் சுவரோரம் இருந்த போர்வையை இழுத்தார். காலையில் ஒரே ஒரு தடம் இருந்தது. இப்போது கண்ணாடி பூராவும் தடம், மேலே, கீழே, மூலையில், ஒன்றின் மேல் ஒன்றாக, இருட்டில் வழி தேடித் தடவினது போல. விரிசல் தாண்டின பக்கத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. மணிக்கட்டு ஓரத்து விரிசலில் அந்தப் பழுப்புக் கறை. விரலால் தொட்டார், வழவழவென்று கண்ணாடி. அதற்குள், அவர் பார்க்கப் பார்க்க, கறை இன்னும் ஒரு நூல் கீழே இறங்கியது.

கண்ணாடி உடைந்தால் பிரியாது. நடுத் தாள் பிடித்துக்கொள்ளும். விரிசல் மட்டும் ஓடும், உள்ளே என்ன இருந்தாலும் அதன் குறுக்கே ஓடும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுத்தியலைக் கீழே வைத்தார், சத்தம் வராமல் வைத்தார். டியூப் லைட்டைப் பார்த்தார், அது அணையக் கூடாது. வெளியே மழையில் ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம், தம்பிதுரை ஏனுங் பாய் என்று கூப்பிடுகிற குரல். காருக்கு முன்னால் போய் நின்று, ஈரக் கண்ணாடி மேல், அந்தக் குட்டை விரலுக்கு நேராகத் தன் விரலை வைத்து ஒரு தட்டு தட்டினார்.

அவர் விரலுக்கு அடியிலேயே, மெதுவாக, ரெண்டு.