தகட்டில் நிற்காத மான்

நேற்று செதுக்கிய மான் காலையில் தகட்டில் இல்லை.

செதுக்கு வேலைக்காரன் குலாம் முகம்மது, வேலைக்கு வந்திருந்த துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழைய வேட்டைத் துப்பாக்கி. விசைக்கு மேலிருந்த இரும்புத் தகட்டைச் சுற்றி, யாரோ என்றைக்கோ வெட்டிய கொடியும் இலையும் நெருக்கமாகப் படர்ந்திருக்க, நடுவில் மட்டும் கொஞ்சம் வெற்றிடம். மானை அங்கேதான் வெட்டியிருந்தான். உளி பட்ட தடமே இல்லை. தடவினால் வழவழவென்று ஈரமாக இருந்தது.

மறுபடி வெட்டினான். அதுவும் போயிற்று. மூன்றாவதும் போனபோது, நனைந்த சருகும் புது ரத்தமும் கலந்த வாடையொன்று தகட்டிலிருந்து எழுந்து, மயிலாப்பூர்ச் சந்திலிருந்த அந்தச் சின்ன வீடு முழுக்கப் பரவியது.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, மான் செதுக்கச் சொல்லி அதைக் கொடுத்த தேவானையின் அடையாற்று பங்களாவுக்கே போனான். வேட்டைக்குப் போன புருஷன் திரும்பாமல், துப்பாக்கி மட்டும் வந்து சேர்ந்த வீடு அது.

"மான் நிக்க மாட்டேங்குதும்மா. இந்த வேலை எனக்கு வாணாம். நீங்களே வச்சிக்கங்க."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வெட்டறத நிறுத்திடாதே, பாய். அந்தக் கொடிக்குள்ள இருக்கறதுக்கு மான்தான் தீனி. தகட்டுல மான் இல்லாத அன்னிக்குத்தான் எங்க வூட்டுக்காரரு போனாரு. இப்ப அது உன் வூட்டப் பாத்துடிச்சி."

கதவைச் சாத்திவிட்டாள்.

பைத்தியம் என்று சொல்லிக்கொண்டே வீடு வந்தான். துப்பாக்கியைக் கோணியில் சுற்றி வேலைப் பலகைக்கடியில் தள்ளினான். விடிந்ததும் கடலில் எறிந்துவிடலாம். ஆனால் உட்கார முடியவில்லை. எழுந்தான், நடந்தான், மறுபடி உட்கார்ந்தான். வெளியே மழை, லஸ் பக்கம் டிராம் மணி, அடுப்படியில் மனைவி ஹாஜிரா பீ மீன் பொரிக்கும் சத்தம், அவள் வளையல் சத்தம், இவற்றுக்கெல்லாம் அடியில், கோணிக்குள், இலையோடு இலை உரசும் சத்தம்.

வளையல் சத்தம் நின்றது.

"ஹாஜிரா?"

எண்ணெய் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது. அடுப்படியில் யாரும் இல்லை. அங்கிருந்து வெளியே போக வேறு வழியும் இல்லை. தரையில் கரண்டி. அதைச் சுற்றிலும் ஈரச் சருகுகள்.

ஓடிவந்து கோணியைப் பிரித்தான்.

தகட்டின் நடுவே, கட்டைவிரல் உயரத்தில், ஒரு பெண். முக்காடு நழுவியிருந்தது. இரண்டு கைகளும் வாயைப் பொத்தியிருந்தன. அவளுக்குப் பின்னால் கொடி விலகியிருந்தது.

உளி. உளி எங்கே.

அவளருகே ஒரு மானை வெட்டினான். கொம்பு முடிவதற்குள் அது இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. ஒவ்வொரு மானும் போகப் போக, கொடி ஓர் இலையளவு உள்ளே நகர்ந்தது. விரல் கிழிந்தது. நிறுத்தவில்லை. கால் மட்டும் வெட்டினான். போயிற்று. ஒரு காது. போயிற்று.

உளி முனை வைக்கக்கூட இடமில்லை.

ஓர் இலை அவள் தோளைத் தொட்டது. தகட்டில் ஹாஜிரா மெல்லத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

"ஏங்க," என்றது ஆளில்லாத அடுப்படியிலிருந்து அவள் குரல், "இன்னா இது, என் பின்னாடி?"