ஏற்றம் கட்டாத எச்சரிக்கை

பல் தேய்ப்பதற்கு முன்பே, தன் பதிவு பிறர் கண்ணில் படுவதற்கான கட்டணத்தை, அதாவது அன்றைய ஏற்றத்தை, கட்டிவிடுவது நிறைமதியின் வழக்கம். ஈரோட்டில் தொழில் செய்த எல்லோருக்கும் அதுதான் வழக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருடைய பதிவுகளும் ஓடும் 'ஓடை'யைத் திறப்பாள். தன் 'தளிர்' கஞ்சி மாவின் பதிவு எந்தெந்தத் தெருவில், எந்த வயதுத் தாய்மார்களின் கண்ணில் பட வேண்டும் என்று குறித்துப் பணத்தை அனுப்புவாள். கட்டாத நாளில் அவள் கடைப் பலகை யாருடைய கண்ணாடியிலும் ஒளிராது. வாசலிலேயே வந்து நிற்பவருக்குக்கூடச் சாம்பல் நிறச் சுவர்தான் தெரியும்.

ஏற்றம் கடைகளுக்கு மட்டும் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். பிறகு தொலைபேசி எண்கள் ஒழிந்தன. சேதி எதுவானாலும் ஓடை வழியாகத்தான் என்றானது. அப்புறம் காதுக்குள் செவிமணி வந்தது. ஒருவரோடொருவர் நேரில் பேசுவது இலவசம். குரலை உயர்த்திப் பலருக்குச் சொன்னால் அது 'பரப்புதல்'. அதற்கு ஏற்றம் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் செவிமணி அதை இரைச்சலென்று கழித்துவிடும். நிறைமதியின் அம்மா இறந்தபோது, அந்தச் செய்திக்கு ஏற்றம் கட்டிய பிறகுதான் சொந்தக்காரர்களுக்கே தெரிந்தது. அன்றைக்கு அவளுக்கு வயிறெரிந்தது. பிறகு அதுவும் பழகிப்போனது.

அன்று காலை அவள் ஏற்றம் கட்டி முடித்திருந்தாள். அவள் கணவன் கௌதமன் அரவை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். அவர்களுக்குக் கேழ்வரகு தரும் கிடங்குக்காரர் மயில்வாகனம் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"அம்மணி, மெசினை நிறுத்தச் சொல்லுங்க. ராத்திரியிலிருந்து சேதி அனுப்பிப் பாத்துட்டேன், உங்களுக்கு வரவே இல்லீங்களா? போன வாரம் அனுப்புன மூட்டையில பூச்சி மருந்துப் பொட்டலம் ஒடைஞ்சு கலந்திருக்குது. நேத்துத்தான் ஆளுக பாத்தாங்க."

கௌதமன் இயந்திரத்தை நிறுத்தினான். போன வார மூட்டைகள் மாவாகி, பொட்டலமாகி, ஊர் முழுக்கக் கடைகளுக்குப் போயிருந்தன. அவற்றைத் தின்பது கைக்குழந்தைகள்.

"நான் மொத்தக் கடைகளுக்குப் போறேன். நீ ஓடையில போட்டுரு," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான் கௌதமன்.

நிறைமதி பதிவு போட்டாள். 'தளிர் மாவைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். விஷம் கலந்திருக்கிறது.' பார்த்தவர் யாருமில்லை என்று காட்டியது ஓடை. ஏற்றம் கட்டப் போனாள். சிவப்பாக ஒரு வரி வந்தது: 'இப்பதிவு காண்போர் மனநிலையைப் பாதிக்கும். மகிழ்வு மதிப்பு போதாது.' அதையும் மீறிக் கட்டுவதென்றால் கேட்ட தொகைக்கு ஆலையையே விற்றாலும் போதாது. சுகாதார அலுவலகத்துக்குத் தனியாகச் செய்தி போட்டாள். அவர்களுடைய அறிவிப்பும் ஏற்றம் கட்டித்தான் போக வேண்டும், இந்தக் காலாண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது.

அதற்குள் அவளுடைய கண்ணாடியின் மூலையில் அவளுடைய விளம்பரமே மின்னியது. பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும் குழந்தை. 'தளிர் கொடுங்கள், தளிரட்டும்.' ஊரிலிருக்கும் ஒவ்வொரு தாயும் இந்நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஓடை வழியாகவே ஏற்றத் துறையை அழைத்தாள். ரித்விக் என்ற ஆலோசகன் இணைப்பில் வந்தான். தேன் தடவிய குரல்.

"மேடம், உங்க பதிவு இன்னிக்கு அருமையா போகுது. நாளைக்கும் நீட்டிக்கலாமா?"

"அதை நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க. மாவுல விஷம் இருக்குது."

"கட்டின ஏற்றம் பொழுது முடியற வரைக்கும் ஓடித்தான் ஆகணும் மேடம். ஒப்பந்தம் அப்படி."

"கொழந்தைங்க செத்துப் போகுமுங்க! உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?"

"புரியுது மேடம். ஆனா பயமுறுத்தற பதிவை யாரும் விரும்ப மாட்டாங்க. அதையே சந்தோஷமா சொல்லிப் பாருங்களேன். தளிர் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டு வந்தா பரிசுன்னு போடுங்க. மதிப்பு ஏறிடும். நானே எழுதித் தரேன்."

அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அறைய அங்கே கன்னம் இல்லை, குரல்தான் இருந்தது. வேறு வழி தெரியாமல் சரி என்றாள். 'தளிர் பாக்கெட் கொண்டு வாருங்கள், பாப்பாவுக்குப் புதுச்சட்டை இலவசம்!' பதிவு கண்ணெதிரே பற்றிக்கொண்டு பரவியது. எதிர்க் கடையில் கடன் சொல்லிச் சட்டைகளை அள்ளி வந்து குவித்தாள்.

மதியத்துக்குள் ஆலை வாசலில் கூட்டம் நெரிந்தது. சிரித்த முகங்கள். பாக்கெட்டுகள் வந்து விழ விழ அவளுக்கு உயிர் திரும்பியது. பிறகுதான் கவனித்தாள். பாதிக்கு மேல் முத்திரை உடையாத புதுப் பாக்கெட்டுகள்.

"இதெல்லாம் எப்ப வாங்குனீங்க?" என்று முன்னால் நின்ற பெண்ணைக் கேட்டாள்.

"இப்பத்தாங்க. சட்டை தர்றீங்கன்னு ஊரே தெருமுனைக் கடைகள்ல வாங்குது. எங்களுக்கு நாலு கெடைச்சுது. மூணு இங்க, ஒண்ணு எங்க நாத்தனாருக்குக் குடுத்துட்டேன். அவ பாப்பாவுக்குக் கரைச்சுக்கிட்டிருந்தா."

நிறைமதி மேசைமேல் ஏறி நின்று கத்தினாள். "கொழந்தைக்குக் குடுக்காதீங்க! விஷம்! மாவுல விஷம்!" கீழே ஒரு முகமும் திரும்பவில்லை. சட்டையின் நிறத்தைப் பற்றி இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணாடியில் அறிவிப்பு வந்தது: 'அனுமதியற்ற பரப்புதல். உங்கள் குரல் மாலை வரை அடைக்கப்படுகிறது.'

இறங்கி அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கி, முகத்துக்கு நேரே சொன்னாள். வாயசைவதைப் பார்த்து அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "கேக்கலீங்க," என்றாள்.

நிறைமதி அவள் காதில் விரலை விட்டுச் செவிமணியைப் பிடுங்கி எறிந்தாள்.

"பாப்பாவுக்குக் குடுக்காதேன்னு சொல்லு! ஓடு! விஷம்டி அது!"

அந்தப் பெண் அலறிக்கொண்டு ஓடினாள். நிறைமதி அடுத்தவரின் காதைப் பிடித்தாள். அதற்கடுத்தவரை. ஒருவன் அவள் வயிற்றில் உதைத்தான். இன்னொருவன் கூந்தலைப் பற்றி இழுத்துத் தள்ளினான். செவிமணி போனவர்கள் அவள் சொன்னதைக் கேட்டார்கள்; கேட்டவர்களில் சிலர் பக்கத்திலிருந்தவரின் காதைப் பிடித்தார்கள். போலீஸ் வந்தபோது வாசல் முழுக்க மாவும் கிழிந்த சட்டைகளும் கிடந்தன.

அவள்மேல் பதிந்த வழக்கு செவி அத்துமீறல். விஷத்தைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. அவள் அடிவாங்கிய காட்சி மட்டும் பைசா செலவில்லாமல் நாடு முழுக்க ஓடியது. சண்டைக்கு மகிழ்வு மதிப்பு அதிகமாம். அதில் அவள் குரல் அடைக்கப்பட்டிருந்தது. ரித்விக்கிடமிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது.

நாத்தனாரின் குழந்தை பிழைத்துக்கொண்டது. மருத்துவமனையில் கிடந்த மற்றக் குழந்தைகளும் ஒவ்வொன்றாகத் தேறின. ஒன்று தேறவில்லை.

ஜாமீனில் வெளியே வந்த அன்று ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் நின்றாள். கௌதமன் மெதுவாக, "ஷகீலா. கொழந்தையைப் பறிகொடுத்தவங்க," என்றான். நிறைமதி ஓடை, ஏற்றம், ஒப்பந்தம் என்று ஏதேதோ சொல்லத் தொடங்கினாள்.

ஷகீலா கையை உயர்த்தி நிறுத்தினாள். அவள் கண்களில் ஈரமே இல்லை.

"எங்க வீடு உங்க மில்லுக்குப் பின்னால ரெண்டாவது தெரு. பச்சைக் கதவு. காலையில விஷயம் தெரிஞ்சிருக்குது. எம்புள்ள மத்தியானந்தான் கஞ்சி குடிச்சான். நடந்து வந்து கதவைத் தட்டியிருக்கலாமில்ல?"

நிறைமதிக்கு அழுகை வந்தது. மேசைமுன் உட்கார்ந்து அந்தக் காலை முழுவதையும் எவனிடமோ கெஞ்சியே கழித்திருந்தாள். வெளியே தெரு இருப்பது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை.

"சும்மா நின்னு அழுவாதீங்க," ஷகீலா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வலித்தது. "வாங்கி வெச்ச மாவு இன்னும் எத்தனை அடுப்படியில இருக்குதோ. வாங்க. நீங்க அந்தப் பக்கம் தட்டுங்க, நான் இந்தப் பக்கம் தட்டறேன்."

முதல் வீட்டில் வெகுநேரம் யாரும் திறக்கவில்லை. அந்த ஊரில் கதவு தட்டப்பட்டுப் பல வருடங்களாகியிருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அது என்ன சத்தம் என்றே புரியவில்லை. ஷகீலா உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டிக்கொண்டே இருந்தாள்.