ஆமா போட்டவர்

எட்டயபுரம் சாலையில் பஞ்சுக் கம்பெனி பங்களா என்றால் மினிபஸ் கண்டக்டருக்கும் தெரியும். சித்திரை வெயிலில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு நண்பகலில் சோலைராஜ் அங்கே போய் இறங்கினார். கோவில்பட்டியில் முப்பத்தைந்து வருஷமாக மைக் செட் வைத்திருப்பவர். பங்களாவை இடிக்கப் போகிறார்கள், உள்ளே பழைய பாட்டுத் தட்டுகள் கிடக்கின்றன, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று காவல்காரர் திருப்பதி போன் போட்டிருந்தார். ஓசியில் வருவதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் சோலைராஜுக்குக் கிடையாது.

உள்ளே கால் வைத்ததும் உடம்பு சில்லிட்டது. உயரமான கூரை, பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மக்கிய பஞ்சு வாடையும் வௌவால் வாடையும் அடித்தன. அதற்கும் அடியில் ஆஸ்பத்திரி வாடை ஒன்று லேசாக இருந்தது. மேற்கு அறையில் ஒரு தகரப் பெட்டி. திறந்து பார்த்தார். பன்னிரண்டு தட்டுகளில் இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருந்தது. பதின்மூன்றாவதில் நடுவட்டம் வெறும் வெள்ளையாக இருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி," என்றார் திருப்பதி, வாசல்படியிலேயே நின்றுகொண்டு.

"நீரு உள்ள வரலையா?"

"இங்கனயே நிக்கேன். உச்சி நேரத்துல நான் உள்ள வாரதில்ல."

காவல்காரரே வெளியில் நின்றால் உள்ளே இருப்பதை யார் காப்பது என்று சோலைராஜ் கேலி செய்தார். திருப்பதி சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிவிடக்கூட உள்ளே வரவில்லை.

வீட்டின் முன்னறைதான் சோலைராஜின் கடை. ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் வயர் சுருள்களுக்கும் நடுவே, அவர் விற்க மனமில்லாமல் வைத்திருந்த பழைய ரிக்கார்டு பிளேயர் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு தட்டாகப் போட்டுக் கேட்டார். கேட்டதில் கொஞ்சத்தைப் பதிவு செய்து கோயம்புத்தூரில் இருக்கும் மகள் முத்துசெல்விக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். "அப்பா, இதுக்குப் பேரு ஜாஸ். அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க உண்டாக்குனது," என்று பதில் வந்தது.

பெயர் தெரிந்ததே போதும் என்று விட்டுவிட்டார். வாசிப்பது யார், எந்த வருஷத்து வாசிப்பு என்றெல்லாம் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிடித்துப்போயிற்று. தட்டின் கீறல் சத்தத்துக்குள்ளிருந்து முதலில் பெரிய நரம்புக் கருவி ஒன்று தும் தும் என்று நடந்து வரும். மேளக்காரன் அடிக்க மாட்டான், வாசல் பெருக்குகிற மாதிரி தோலைத் தடவிக்கொண்டே இருப்பான். எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை எடுப்பார்கள். அப்புறம் ஒருவன் மட்டும் பிய்த்துக்கொண்டு தன் போக்கில் போய்விடுவான். பயல் தொலைந்தான் என்று நாம் நினைக்கும்போது, கச்சிதமாக விட்ட இடத்திலேயே வந்து இறங்குவான். மற்றவர்கள் பதற்றமே இல்லாமல் அவனைச் சேர்த்துக்கொள்வார்கள். "எப்படித்தான் வந்து சேருதானோ!" என்று சோலைராஜ் தொடையில் அடித்துக்கொள்வார். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதை மைக் பிடித்துவிடக் கூடாதே என்று காலமெல்லாம் பாடுபட்டவர் அவர். இந்தத் தட்டுகளில் ஊதுகிறவன் மூச்சு வாங்குவது அப்படியே கேட்டது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

உள்ளறையில் அவர் மனைவி செல்வமாரி படுத்திருப்பாள். தீப்பெட்டி ஆபீசில் இருபது வருஷம் மருந்துத் தூசியில் உட்கார்ந்ததில் அவளுக்கு இளைப்பு உண்டு. இன்ஹேலரை இரண்டு தரம் அடித்துக்கொண்டால் சந்தைக்கு நடந்து போய் வந்துவிடுவாள். தூங்கும்போது அவள் மூச்சின் கடைசியில் சின்னதாக ஒரு விசில் கேட்கும். அந்த விசில் இல்லாமல் சோலைராஜுக்குத் தூக்கம் வராது.

வெள்ளைத் தட்டைக் கடைசியாகத்தான் போட்டார். அதில் டிரம்பெட் குழல் மட்டும். மேளம் இல்லை, பியானோ இல்லை. ஒருவன் தனியாகக் கொஞ்சம் ஊதுவான், நிறுத்துவான். திரும்பக் கொஞ்சம் ஊதுவான், நிறுத்துவான். ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

சோலைராஜ் எத்தனையோ கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டுக்கு மைக் கட்டியவர். வில்லில் பாடுகிற அண்ணாவி ஒரு வரியைச் சொல்லி நிறுத்தினால், பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா!" போட வேண்டும். போட்டால்தான் அடுத்த வரி வரும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, அந்த ஆமா அவர் வாயிலும் தொற்றிக்கொண்டிருந்தது. குழல் நின்றது. இவர் தன்னை அறியாமல், "ஆமா," என்றார்.

குழல் ஒரு கணம் தாமதித்தது. பிறகு ஆசையாக அடுத்ததை எடுத்தது.

"ஆமா!"

உள்ளேயிருந்து செல்வமாரி சிரித்தாள். "அவன் என்ன கேக்கான்னே தெரியாம ஆமா போடுதீங்களே?"

"என்னத்தையும் கேக்கட்டும் மாரி. இப்படி வாசிக்கவனுக்கு எதையும் குடுக்கலாம்."

அதன் பிறகு மற்ற பன்னிரண்டும் பெட்டிக்குள் போய்விட்டன. தினமும் மத்தியானம் அதே வெள்ளைத் தட்டு, அதே ஆமா. நாலாம் நாள் தற்செயலாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இந்த மாதிரித் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலே ஓடும். அதற்கு மேல் அதில் இடம் கிடையாது. அன்று அது ஐந்து நிமிஷம் ஓடியது.

மோட்டார் இழுக்கிறது என்று நினைத்து எண்ணெய் விட்டார்.

மறு வாரம் ஒன்பது நிமிஷம் ஓடியது. ஊதுகிறவன் இடையில் நிறுத்துவதும் குறைந்துகொண்டே வந்தது. ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போகிறான் என்று சோலைராஜ் வியந்துகொண்டிருந்த அதே நேரத்தில், அடுப்படிக்குப் போன செல்வமாரி நாலு எட்டு நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்ஹேலருக்கும் இளைப்பு கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். "நெஞ்சுல சளியும் இல்ல, வேற ஒண்ணும் இல்ல. ஏன் மூச்சு பத்தலைன்னு புரியல," என்றார் டாக்டர். விரலில் மாட்டும் சின்னக் கருவியில் ஆக்சிஜன் தொண்ணூற்றிரண்டு காட்டியது. மாத்திரையை மாற்றிக் கொடுத்து, அந்தக் கருவி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சோலைராஜ் தட்டைத் தொடவே இல்லை. ஆனாலும் மூன்றாம் நாள் அது எண்பத்தாறாகி இருந்தது. அவளைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்தபோது, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் நிறுத்தவே மாட்டேங்கான்," என்றாள், சொல்லுக்குச் சொல் இளைத்துக்கொண்டு.

"யாரு மாரி?"

"குழலுக்காரன். நீங்க தட்டு போடாட்டியும் எனக்குக் கேக்கு." கண்ணை மூடித் திறந்தாள். "அவன் கேட்டது என்னன்னு இப்பத்தான் விளங்குது. உன் பொண்டாட்டி மூச்ச எடுத்துக்கிடட்டுமான்னு கேக்கான். நீங்க ஆமான்னுட்டீங்க."

சோலைராஜ் வாசலுக்கு ஓடி வந்து திருப்பதிக்கு போன் போட்டார்.

"எங்க அய்யா சொல்லிக் கேட்டதுதான் அண்ணாச்சி," என்றது போன். "அங்கன இருந்த கம்பெனியோட வெள்ளைக்கார ஏஜெண்டுக்கு நெஞ்சுல சீக்கு. குழல் வாசிக்கதுன்னா அவியளுக்கு உசுரு. ரெண்டு ஊது ஊதுவாவளாம், மூச்சு முட்டி நிறுத்திருவாவளாம். அத ஒரு தட்டுல வேற பதிஞ்சு வச்சாவளாம். வேலைக்காரங்க ஒருத்தர் பாக்கியில்லாம, 'உன் மூச்சத் தாரியா'ன்னு கேப்பாவளாம். எவனும் ஆமாங்கல. உச்சி நேரத்துலதான் செத்தாவ."

"இத ஏம்யா நீரு அன்னைக்கே சொல்லல?"

"இங்கிலீசுல கேக்கதுக்கு நம்மாளு எவன் பதில் சொல்லப் போறான்னு நெனச்சேன்."

தட்டைச் சுக்குநூறாக உடைக்கத்தான் முதலில் கை போனது. செல்வமாரி தலையை ஆட்டித் தடுத்தாள். "உடச்சிட்டா எங்க போயி சொல்லுவீங்க? போடுங்க. அவன் நிறுத்துற எடத்துல இல்லன்னு சொல்லிருங்க."

அதுவும் சரியாகத்தான் பட்டது. வில்லுப்பாட்டில் பாட்டு ஓடும்போது கத்துவதெல்லாம் பதிலாகாது. நிறுத்தின இடத்தில் சொன்னதுதான் பதில். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக் கற்பகத்தை அவளோடு உட்கார வைத்துவிட்டு, முன்னறைக்கு வந்தார். மணி பன்னிரண்டு.

முள்ளை வைத்தார்.

குழல் எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் நின்றது. இப்படி ஒரு வாசிப்பை அவர் எந்தத் தட்டிலும் கேட்டதில்லை. இறங்கியது, குழைந்தது, சுழன்று மேலே ஏறியது. இந்த நிலையிலும் அது அழகாக இருக்கிறதே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நிறுத்தட்டும் என்று காத்திருந்தார்.

நிறுத்தவில்லை.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். மூச்சுக்குக்கூட இடைவெளி இல்லை. அவனுக்கு எதற்கு இடைவெளி? உள்ளறையில் ஒருத்தியின் மூச்சு முழுவதும் அவனுக்கு இருந்தது.

"இல்ல! இல்லய்யா! தெரியாம சொல்லிட்டேன்!" என்று கத்தினார். குழல் அதைக் காதில் வாங்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது.

உள்ளே கற்பகத்தின் குரல் உடைந்தது. "மைனி... இழுங்க மைனி... மெதுவா விடுங்க..."

முள்ளைத் தூக்கினார். முள் அவர் விரலில் இருந்தது. ஆனாலும் குழலோசை கேட்டுக்கொண்டே இருந்தது. முள்ளைத் திரும்ப வைத்தார்.

மேலே ஓடிய மின்விசிறி மெல்ல நின்றது. கரண்ட் போய்விட்டது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கும் அணைந்தது.

தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

தரையில் உட்கார்ந்து, பிளேயரின் விளிம்பில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "ஒரு வாட்டி நிறுத்துய்யா. ஒரே வாட்டி. என் மூச்ச வேணும்னா எடுத்துக்கோ..."

குழல் நின்றது.

துள்ளி எழுந்தார். "இல்ல!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். "தரமாட்டேன்! இல்ல!"

பதில் இல்லை. கீறல் சத்தம் மட்டும் ஓடியது. மறுபடி ஊதவே இல்லை. கேட்டுவிட்டான், விட்டுவிட்டான் என்று சோலைராஜின் நெஞ்சு நிறைந்தது. சிரிப்பும் அழுகையுமாக உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு கற்பகம் நின்றிருந்தாள்.

"அண்ணே," என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் பதிலுக்காக நிறுத்தியிருக்கவில்லை. ஊதுவதற்குச் செல்வமாரியிடம் மூச்சு மிச்சமில்லை, அதனால்தான் நிறுத்தியிருந்தான்.

வாசலில் ஆட்டோ வந்து ஹார்ன் அடித்தது.

முத்துசெல்வி வந்து சேர இருட்டிவிட்டது. அழுது ஓய்ந்து, அப்பாவைத் தேடி முன்னறையின் மூலைக்கு வந்தாள். ஃப்ரீசர் பெட்டிக்கு பிளக் பாயிண்ட் வேண்டுமென்று யாரோ பிளேயரின் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். வயர் தரையில் கிடந்தது. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. முள் கடைசிக் கோட்டில் மாட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தது.

அதிலிருந்து ஏதோ கேட்டது. அவள் குனிந்தாள்.

"யாருப்பா இது மூச்சு விடுதது?" காதை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "கடைசில விசில் கேக்கு... அம்மா மாதிரில்லா இருக்கு?"

அவள் பதறிப்போய் முள்ளை எடுக்கக் கையை நீட்டினாள். சோலைராஜ் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துராத தாயி."

இருவரும் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மூச்சு உள்ளே போயிற்று. ஒன்றுகூட வெளியே வரவில்லை.